ஓடு நெகிழ்ந்த முள்ளெலி

பாண்டிச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒருபுறம் செம்மண் மேடும் மறுபுறம் வங்கக் கடலுமாக அமைந்திருக்கும் பொம்மையார்பாளையத்தை, மயிலம் முருகன் கோயிலைப் பரிபாலித்துவரும் வீரசைவ ஆதீனத்துக்குப் பெயர் தந்த ஊர் என்று பக்தர்களும், கடலை நம்பி வாழும் பட்டினவர் ஊர் என்று மீன் வியாபாரிகளும் அறிவார்கள். இத்தகைய ஊர்களின் கரையில் வலையைக் கொட்டி, வஞ்சிரம் ஒருபுறமும் காரப்பொடி ஒருபுறமுமாகத் தரம் பிரிக்கும்போது, விலைபோகாதவை என்று மணலில் ஒதுக்கப்படும் பொருள்களுக்கிடையே உருண்டையாய், முள்ளடர்ந்ததாய்க் கிடக்கும் கடல் முள்ளெலியை எவரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. சால்மாசிஸ், டெம்னோப்ளூரஸ் முதலிய பேரினங்களைச் சேர்ந்த இப்பிராணிகள் சோழமண்டலக் கரையில் சாதாரணமானவை. முள்ளெல்லாம் உதிர்ந்து வெயிலில் வெளுத்த ஓட்டை எடுத்துப் பார்த்தால், சுண்ணாம்புத் தகடுகள் அசைவுக்கு இடமின்றி ஒன்றோடொன்று பொருந்தி, குழாய்க் கால்கள் வெளிவரும் நுண்துளைகள் ஐந்து வரிசைகளாக உச்சியிலிருந்து அடிவரை ஓடி, ஒரு சிற்பியின் கணக்குத் தவறாத வேலைப்பாடாகக் காணப்படும். விரலால் அழுத்தினால் அது வளையாது. மேலும் அழுத்தினால் உடையும். முள்ளெலி என்றால் உறுதியான ஓடுடையது என்பதைப் பிராணி சாஸ்திரம் வெகுகாலம் ஓர் இலக்கணமாகவே கொண்டிருந்தது. அந்த இலக்கணத்தைப் பொய்யாக்கிய ஒரு முள்ளெலி வரிசையைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அந்தச் சரித்திரத்தின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் கடலின் மறுகரையில், தமிழர் வாழும் திருகோணமலையில் எழுதப்பட்டது.

1863-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கெண்ட் பிரதேசத்துச் சுண்ணப் பாறையில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை, பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்த சாமுவேல் பிக்வொர்த் உட்வர்ட் என்பவர் ஆராய்ந்து வெளியிட்டார். முள்ளெலிக்குரிய தகடுகளும் முட்களும் அதில் இருந்தன. ஆனால் தகடுகள் விளிம்போடு விளிம்பு பொருந்தாமல், நாட்டு ஓடு வேய்ந்த கூரையிற்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. முள்ளெலியென்று துணிந்து கூறவும் முடியாமல், அல்லவென்று தள்ளவும் முடியாமல், முட்தோலிகளின் கூட்டத்தில் முறை தவறிய ஒரு பிராணி என்று வர்ணித்து, முள்ளெலியின் பெயரையும் கடல் அட்டையின் பெயரையும் இணைத்து ‘எக்கினோதூரியா’ என்று அதற்கு நாமகரணம் செய்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேஷியஸ் யுகத்துச் சமுத்திரத்தில் வாழ்ந்து மறைந்துபோன ஒரு விசித்திரம் என்றே அன்று அது கருதப்பட்டது. உட்வர்ட் 1865-இல் காலமானார். அவருடைய விசித்திரத்தின் வம்சம் உயிரோடு இருக்கிறது என்ற செய்தி அதன்பின் நான்கே ஆண்டுகளில் வந்தது.

அக்காலத்து ஐரோப்பியக் கல்விமான்களிடையே ஆழ்கடலைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருந்தது. முந்நூறு பாகத்துக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 550 மீட்டருக்கு அப்பால், ஒளியும் இல்லை, தாங்கக்கூடிய அழுத்தமும் இல்லை. ஆகையால் அங்கே உயிரும் இல்லை என்று எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் ஊகித்ததைப் பலர் பிரமாணமாகவே ஏற்றிருந்தார்கள். அதைச் சோதிக்கவென்று வைவில் தாம்ஸன் என்னும் பிராணி சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் 1869-இல் ‘போர்க்குபைன்’ என்ற கப்பலில் சென்று, ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள கடலின் அடித்தளத்தை வாரியிழுத்தபோது, மற்றப் பொருள்களோடு செக்கச்சிவந்த பெரிய முள்ளெலி ஒன்று மேல்தளத்தில் வந்து விழுந்தது. கடினமான உருண்டையாக உருளவேண்டிய அந்தப் பிராணி தட்டையாகச் சரிந்து படிந்ததையும், அதன் தோல்போன்ற ஓட்டின்மேல் அலையலையாக அசைவுகள் ஓடி, மூச்சிரைப்பதுபோல் அது விம்மித் தணிந்ததையும் தாம்ஸன் பின்னர்த் தம் நூலில் வியப்புடன் எழுதியிருக்கிறார். கப்பலின் தலைவர் கால்வர் என்பவரின் ஞாபகார்த்தமாக அதற்குக் கால்வேரியா என்று பெயர் வைத்தார். இன்று அது கால்வேரியோஸோமா எனப்படுகிறது. உண்மையில் ஓராண்டுக்கு முன்பே, 1868-இல், அடால்ஃப் எட்வர்ட் குரூபே என்னும் ஜெர்மானியர் சீனக் கடலைச் சேர்ந்த இவ்வகை முள்ளெலி ஒன்றை ஆஸ்தெனோஸோமா வேரியம் என்ற பெயரால் வெளியிட்டிருந்தார். எனினும், உட்வர்டின் கல்லையும் கப்பலில் துடித்த உயிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே வம்சம் என்று கண்டு, 1872-இல் எக்கினோதூரியிடே என்ற குடும்பத்தை வகுத்த பெருமை தாம்ஸனுடையதே.

இனித் திருகோணமலைக்கு வருவோம். சுவிட்ஜர்லாந்து தேசத்துப் பாஸெல் நகரத்தைச் சேர்ந்த, செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்த குடும்பத்தில் உதித்த பால் ஸாராஸின், ஃபிரிட்ஸ் ஸாராஸின் என்னும் உறவினர் இருவர், முப்பது வயது நிரம்பு முன்னரே, 1883-இல் இலங்கைக்குப் புறப்பட்டு வந்து, 1886 வரை அத்தீவில் தங்கி ஆராய்ச்சி செய்தார்கள். காலில்லாத நீர்நில வாழ்வியாகிய இக்தியோஃபிஸின் வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் இவர்களே. வேடர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர்களும் இவர்களே. மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடாவும், அக்குடாவிலிருந்தே தொடங்கிச் சமுத்திரத்தின் அடியில் ஆழ்ந்து செல்லும் மாபெரும் நீரடிப் பள்ளத்தாக்கும் உடைய திருகோணமலைக் கடலில் அவர்களுடைய கவனத்தைக் கவர்ந்தது நீலப்புள்ளிகள் மின்னும் ஒரு மெல்லுடல் முள்ளெலி. அதைத் தொட்டவர்களுக்குத் தீப்பட்டாற்போன்ற வேதனை உண்டாகும். அவ்விரண்டு குணங்களையும் அதன் பெயரிலேயே பொதிந்து, ஸயனோஸோமா யூரென்ஸ் என்று 1886-இல் வெளியிட்டார்கள். அது குரூபே முன்னரே பெயரிட்ட ஆஸ்தெனோஸோமா வேரியம்தான் என்று பின்வந்தோர் தீர்மானித்தபடியால், திருகோணமலைப் பெயர் இன்று வழக்கில் இல்லை.

பெயர் போனாலும் அவர்கள் கண்டவை போகவில்லை. முதலாவது, விஷத்தின் இருப்பிடம். இவ்வகை முள்ளெலிகளின் மேற்புறத்துச் சிறு முட்களின் நுனியில் தோலாலான ஒரு சிறு பை இருக்கிறது, அதற்குள்ளே விஷநீர், அதைச் சுற்றித் தசை. முள்நுனி சருமத்தில் தைத்தவுடனே தசை சுருங்கிப் பையைப் பிழிந்துவிடுகிறது. ஆஸ்தெனோஸோமாவை நெருப்பு முள்ளெலி என்று மூழ்குவோர் அழைப்பது இதனாலேதான். இரண்டாவது, உள்தசைகள். சாதாரண முள்ளெலியின் ஓட்டை உட்புறத்திலிருந்து பார்த்தால், பற்களை இயக்கும் தசைகளைத் தவிர ஓட்டோடு ஒட்டிய தசை எதுவும் இராது. அசையாத சுவருக்குத் தசை எதற்கு? ஸாராஸின் உறவினர் அறுத்துப் பார்த்த பிராணியிலோ, குழாய்க்கால் வரிசைகள் ஐந்தின் இருமருங்கிலும், உச்சிக்கும் அடிக்கும் இடையே விசிறியென விரிந்த தசைத்திரைகள் தொங்கின. தாம்ஸன் மேல்தளத்தில் கண்ட அலையசைவுக்குக் காரணம் இத்தசைகளே.

இந்த இடத்தில்தான் அவர்களுடைய கற்பனை கொஞ்சம் வேகமாக ஓடிவிட்டது. இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் ஒரு காலத்தில் வாரி எடுத்து வேகவைத்து உலர்த்திச் சீன தேசத்துக்கு ஏற்றுமதி செய்த கடல் அட்டையின் உடற்சுவரிலும் நெடுக ஓடும் ஐந்து தசைக்கட்டுகள் உண்டு. அதன் சரீரமும் மென்மையானது. முள்ளெலியைப்போல அதுவும் முட்தோலிகளைச் சேர்ந்தது. ஆகவே, முதலில் மெல்லிய அட்டை, அதிலிருந்து நெகிழ்ந்த முள்ளெலி, அதிலிருந்து கெட்டி ஓட்டு முள்ளெலி என்று ஒரு வம்சாவளி வரைந்து, தங்கள் திருகோணமலைப் பிராணியை அந்தப் பாலத்தின் நடுக்கண்ணாக நிறுத்தி, 1888-இல் எக்கினோதூரிய முள்ளெலிகளின் உடற்கூறும் முட்தோலிகளின் வம்சமும் பற்றிய நூலை வெளியிட்டார்கள். டார்வினுடைய கொள்கை இளமை மாறாதிருந்த காலம் அது. நடுவில் நிற்கும் பிராணி எது கிடைத்தாலும் அதைப் பாட்டனாக்கிவிடும் ஆவல் அன்றைய விஞ்ஞானிகளில் பெரும்பாலோருக்கு இருந்தது. இதே இருவர், நீண்ட கருமுட்களையுடைய டயடிமா என்னும் முள்ளெலியின் மேலுள்ள நீலப்புள்ளிகளைக் கண்கள் என்றே கருதி எழுதினார்கள். அவை கண்கள் அல்லவென்று பின்னர்த் தெளிந்தது. அவர்களுடைய அவதானம் கூர்மையானது; அனுமானம்தான் அவசரமானது.

மென்மை என்பது ஆதிநிலையா, பின்னர் அடைந்த நிலையா என்ற கேள்வியே இவ்வரிசையின் வகைப்பாட்டுச் சரித்திரம் முழுவதையும் ஆட்டிவைத்தது. ஆதிநிலை என்போருக்கு நல்ல ஆதாரங்களும் இருந்தன. பேலியோஸோயிக் யுகத்து முள்ளெலிகள் பலவற்றின் ஓடு, தளர்ந்து படிந்த தகடுகளால் ஆனதுதான். அன்றியும், பெரும்பாலான முள்ளெலிகளில் வாயைச் சூழ்ந்த தோற்பரப்பில் பத்துத் தகடுகள் மட்டும் இருக்க, இவற்றில் குழாய்க்கால் தகடுகள் வரிசை வரிசையாக வாயின் விளிம்புவரை தொடர்ந்து செல்கின்றன. மிகப் பழைய கிளையாகிய ஸிடாரிஸ் முள்ளெலிகளிலும் ஏறக்குறைய அப்படியே. ஆகையால் ஆழ்கடலின் மாறாத இருளில் பழைய வம்சம் ஒன்று பழைய கோலத்தோடே ஒதுங்கிப் பிழைத்திருக்கிறது என்ற எண்ணம் எளிதில் உண்டாயிற்று. இந்த எண்ணத்தில் ஓர் அழகு இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை.

ஆனால் தகடுகளின் நிரைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு வேறொன்று புலப்பட்டது. பேலியோஸோயிக் முள்ளெலிகளில் நிரைகளின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் வேறுபடும். அந்த யுகத்தின் இறுதியில் நேர்ந்த மகா அழிவைத் தாண்டி வந்த முள்ளெலிகளின் சந்ததியிலோ அது இருபது நிரை என்று நிலைபெற்றுவிட்டது. மெல்லுடல் முள்ளெலியின் ஓடும் இருபது நிரைகள் கொண்டதே. அதாவது, உறுதிபெற்ற புதிய அமைப்பை முதலில் அடைந்து, பின்னரே அதைத் தளர்த்திக்கொண்ட பிராணி அது. 2010-இல் ஆண்ட்ரியாஸ் குரோவும் ஆண்ட்ரூ ஸ்மித்தும் உடற்கூற்றை ஒப்பிட்டு வகுத்த முறையில் கூட இவ்வரிசை நவீன முள்ளெலிகளின் அடிக்கிளையாகத் தனித்தே நின்றது. 2018-இல் நிகோலாஸ் மோஞ்ஜார்தீனோ கோக் என்பவரும் அவருடைய சகாக்களும் ஏராளமான ஜீன்களின் வரிசைகளை ஒருங்கே ஒப்பிட்டபோது, அது அடிக்கிளையிலிருந்து இறங்கி வந்து, டயடிமாவும் அதன் உறவுகளும் அடங்கிய ஆலோடோன்டா என்ற கூட்டத்துக்குள்ளே அமர்ந்தது. அக்கூட்டத்துக்கு அடையாளம் பல். முள்ளெலியின் ஐந்து பற்களையும் தாங்கும் நுட்பமான யந்திரத்தை அரிஸ்டாட்டிலின் விளக்கு என்பர். ஆலோடோன்டாவில் பல்லின் உட்பக்கம் வரம்பின்றிக் குழிந்து வாய்க்கால்போல இருக்கும். ஸாராஸின் உறவினர் திருகோணமலையில் தனித்தனியாக ஆராய்ந்த நீலப்புள்ளி முள்ளெலிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பங்காளிகளே என்று, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின் தெரியவந்தது.

வரிசைக்குள்ளே உட்பிரிவுகளை ஒழுங்குபடுத்தியவர் டென்மார்க் தேசத்துத் தியோடோர் மார்ட்டென்ஸென். 1928 முதல் 1951 வரை பாகம் பாகமாக வெளிவந்த அவருடைய முள்ளெலிக் களஞ்சியத்தை இன்றும் தாண்டிச் செல்ல முடியாது. உயிரோடிருப்பவை மூன்று குடும்பங்கள். பெரும்பான்மையான பேரினங்கள் எக்கினோதூரியிடேயில் அடங்கும்: ஆஸ்தெனோஸோமா, அரியோஸோமா, ஹைக்ரோஸோமா, ஸ்பெரோஸோமா, டிரோமிகோஸோமா முதலியன. அடிப்புறத்து முட்களைத் தடித்த தோல் உறையால் மூடிக்கொண்ட ஃபார்மோஸோமா தனிக் குடும்பம். நாலாயிரம் மீட்டர் ஆழத்திலும் வாழும் சிறிய கம்ப்டோஸோமா மற்றொன்று. பெயர்களை ஒப்பிக்க வேண்டுவதில்லை; பெரும்பாலான பெயர்களின் ஈற்றில் உடலைக் குறிக்கும் ‘ஸோமா’ வருவதைக் கண்டுகொண்டால் போதும்.

தகடுகள் படிந்திருக்கும் விதத்தை இன்னும் சற்று விவரிக்க வேண்டும். மெல்லிய அத்தகடுகளை இழைத்திசுவும் சவ்வும் இடைவெளிகளில் நிரம்பிப் பிணைக்கின்றன. குழாய்க்கால் பகுதித் தகடுகள் ஒரு திசையில் படிந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதித் தகடுகள் எதிர்த்திசையில் படிகின்றன. உடலின் வடிவத்தை நிலைநிறுத்துவது இந்த ஓடன்று, உடற்குழியில் நிரம்பிய நீரே. நீருக்குள் குவிந்து கும்மென்று நிற்கும் பிராணி, மேலே எடுத்தவுடன் நீர் வடிந்து தட்டையாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். பல நூல்களில் காணும் சப்பட்டையான சித்திரங்கள் உயிரின் உருவத்தையல்ல, வலையின் வேலையையே காட்டுகின்றன. விளக்கின் மேற்புறத்திலிருந்து ஐந்து பெரிய பைகள் உடற்குழிக்குள் தொங்குகின்றன. ஸ்டூவர்ட் உறுப்புகள் எனப்படும் இவை, விளக்கு அசையும்போது இடம்பெயரும் நீரை ஏற்று, அழுத்தத்தைச் சமன் செய்பவை என்று கருதப்படுகிறது. சுண்ணாம்பைச் சிக்கனமாகச் செலவிட்டு நீரையே எலும்பாகக் கொண்டதனாலோ என்னவோ, பருமனில் இவை மற்றெல்லாவற்றையும் விஞ்சிவிட்டன: ஜப்பானை ஒட்டிய கடலைச் சேர்ந்த ஸ்பெரோஸோமா ஜைகான்டியம் 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவு உடையது, உருண்டை வடிவ முள்ளெலிகளில் அதற்கு இணை இல்லை.

ஆழ்கடலின் தரை பெரும்பாலும் சேறு. அச்சேற்றில் புதையாமல் நடப்பதற்கு, எக்கினோதூரியிடேயின் அடிப்புற முட்கள் பலவற்றின் நுனியில் வெண்மையான, விரிந்த குளம்பு ஒன்று அமைந்திருக்கிறது. குளம்பூன்றிய முட்களின்மேல் உடலைத் தூக்கிக்கொண்டு அவை நடக்கின்றன. உண்பது சேற்றில் கலந்த உயிர்ப்பொருளும், மேற்பரப்பிலிருந்து மூழ்கிவந்த கடற்பாசி, கடற்புல் முதலியவற்றின் எச்சங்களுமே. மழைக்காலத்தில் ஆறுகள் அடித்துக்கொண்டுபோய்க் கடலில் சேர்க்கும் தழையும் கட்டையும் எங்கே போகின்றன என்று யோசித்தவர்களுக்கு இதில் ஒரு பகுதி விடை உண்டு. மேனி சிவப்பாகவோ ஊதாவாகவோ இருப்பது வழக்கம். சூரிய ஒளியின் சிவப்புப் பகுதி எட்டாத ஆழத்தில் சிவப்பு மேனி கறுப்பாகவே தோன்றுமாதலால், அந்த ஆடம்பரம் அங்கே ஒளிந்துகொள்ளும் உபாயமாகிறது.

ஆழம் குறைந்த வெப்பக் கடலில் வாழும் ஆஸ்தெனோஸோமாவுக்கு இவ்வுபாயம் தேவையில்லை. பகட்டான நிறம் விஷத்துக்கு விளம்பரமாக நிற்கிறது. அந்த விஷத்தையே வேலியாகக் கொண்டு வாழும் குடித்தனக்காரர்களும் உண்டு. கோல்மன் இறால் என்று வழங்கும் சிறிய புள்ளி இறால், பெரும்பாலும் ஜோடியாக, முட்கள் சிலவற்றை அகற்றிய வெற்றிடத்தில் குடியிருக்கும். உடல் முழுதும் வரியோடிய ஸீப்ரிடா நண்டு வளைநகங்களால் முள்ளைப் பற்றிக்கொண்டு வாழும். இவ்விரண்டும் உருவில் எவ்வளவோ சிறியவை. ஆயினும் விஷத்தைப் பற்றிய பயம் கொஞ்சமும் இல்லை.

வெட்டவெளியான சேற்றில் வாழும் பிராணி தன் சந்ததியை எப்படிப் பரப்புகிறது என்பது எல்லாவற்றினும் சுவையானது. சாதாரண முள்ளெலியின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதிலிருந்து வெளிவரும் லார்வா நீரில் மிதந்து நுண்பாசிகளை உண்டு வளரும். ஜப்பானிய அறிஞர்கள் ஆராய்ந்த ஆஸ்தெனோஸோமா இஜிமாயின் முட்டையோ 1.2 மில்லிமீட்டர், குறுக்களவில் பன்னிரண்டு மடங்கென்றால் கொள்ளளவில் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கும் மேல். கொழுப்பு நிறைந்த கருவுணவைத் தாயே கட்டிக் கொடுத்துவிடுவதனால், லார்வா எதையும் உண்ணாமலே உருமாறி முடிகிறது. அட்லாண்டிக் கடலின் ஃபார்மோஸோமா பிளாஸென்டாவின் முட்டைகள் அக்கொழுப்பினாலேயே நீரைவிட இலேசாகி, அடித்தளத்திலிருந்து மேல்நோக்கி எழுவதை 1987-இல் யங், கேமரன் என்னும் இருவர் ஆய்வுக்கூடத்திலும் கடலிலுமாக அளந்து வெளியிட்டார்கள்.

நம் தேசத்துக் கடலில் இத்தகைய ஆழ்நீர் ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தது, 1881-இல் பம்பாயில் கட்டப்பட்ட ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற சர்வேக் கப்பல். கடலின் ஆழத்தை அளப்பது அதன் கடமை. அத்துடன் ஒரு வைத்தியரையும் ஏற்றிச் சென்று, ஓய்ந்த நேரத்தில் அவரைக் கொண்டு பிராணிகளைச் சேகரிக்கவும் செய்தது. அந்த வைத்தியர்களுள் 1888 முதல் 1892 வரை பணிபுரிந்த ஆல்ஃபிரட் ஆல்காக், வங்கக் கடலிலும் அந்தமானிலும் அரபிக் கடலிலும் வாரிய பொருள்களைப் பற்றி 1902-இல் எழுதிய நூல் இன்றும் படிக்கச் சுவையானது. சேகரித்தவை கல்கத்தா இந்தியன் மியூஸியத்துக்குச் சென்றன. அவற்றுள் முள்ளெலிகளை லியோன் நகரத்து ரெனே கேலர் ஆராய்ந்து, 1914 முதல் 1927 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார்.

பொம்மையார்பாளையத்துக்கு நேர்கிழக்கே கண்டத்திட்டு அதிக அகலமில்லை. சில பத்துக் கிலோமீட்டர் சென்றால், கடலூர், புதுச்சேரி, பாலாறு என்ற பெயர்களால் அறியப்படும் நீரடிப் பள்ளத்தாக்குகள் சரிவை அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. அதற்கப்பால் மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். இழுவை மடியால் அவ்வாழத்தைத் துழாவினால் கைக்கு வருவது முள் முறிந்து, நீர் வடிந்து, தோலாகிவிட்ட பொருளே. அதனால்தான் சென்னைத் தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனம் கட்டிவரும் ‘மத்ஸ்யா 6000’ என்ற நீர்மூழ்கி வாகனத்தின்மேல் பிராணி சாஸ்திரிகளுக்கும் ஒரு கண் இருக்கிறது. இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவுடைய டைட்டேனியக் கோளத்துக்குள் மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் ஆழம்வரை இறங்குமாறு திட்டமிடப்பட்ட அவ்வாகனம், 2025-இன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் முதல் நீர்ச் சோதனைகளை முடித்தது. கனிமங்களைத் தேடுவதே அதன் பிரதான நோக்கம். ஆயினும் ஆறாயிரம் மீட்டர் என்ற எல்லைக்குள் மெல்லுடல் முள்ளெலிகளின் குடும்பங்கள் மூன்றும் வாழ்கின்றன. தாம்ஸன் கப்பல் தளத்தில் கண்ட அந்த அலையசைவை, நீர் வடியாத முழுவடிவில், தன் குளம்புகளின்மேல் நின்று நடக்கும் பிராணியிடத்தில் ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம்.